துணியில் படாமல்

துண்டு சுத்தமாக இருந்தது. அதீபா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மதியத்திலிருந்து மூக்கில் ரத்தம் வழிபவன் பிடித்திருந்த துண்டில், முதலில் விழுந்த ஒரு கீற்றைத் தவிர வேறு கறையே இல்லை.

அவள் கணவன் யாசிர் ஆரிப் பூத்தையல் வேலைச் சட்டத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சுவரில் பதித்திருந்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த வெள்ளைப் பட்டு, நாளைக் காலை சர்ச்சில் கல்யாணம் ஆகவிருக்கும் ஆரோக்கியமேரியின் ரவிக்கைத் துணி. வெளியே மந்தைவெளிச் சந்து முழுக்க மழை பெய்துகொண்டிருக்க, கரண்ட் போன அறைக்குள் ஈரச் சுவரின் நெடியும் ஜரிகையின் உலோக வாசனையும் ஒன்றாகத் தேங்கி நிற்க, சட்டத்தின் நிழல் அவன் மடியிலிருந்து மார்புக்கு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"நின்னுடுச்சுடி. வேல கொஞ்சம்தான் கீது. குனிஞ்சா துணில பட்டுடும்."

இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஊசி குத்தினால் விரல் தானாக வாய்க்குப் போய்விடும். தன் ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும், துணிக்குக் கொடுக்கக் கூடாது. அதீபாவும் அப்படிப் பழகியவள்தான். மதியம் அவன் மோவாயைப் பிடித்து அண்ணாந்திருக்க வைத்ததே அவள்தான்.

போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க அவன் மாத்திரை சாப்பிடுகிறான். அது நினைவுக்கு வந்தபோதும் அவளுக்குப் பதற்றம் வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. போனை எடுத்து, சைதாப்பேட்டையில் நர்ஸாக வேலை பார்க்கும் அவன் தம்பி உமர் ஃபாரூக்கைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"மூக்கு மேலயே கோவத்த வெச்சினு இருந்தாரே பாபி, அதான் ஒடஞ்சு ஊத்துது," என்று அண்ணியிடம் சிரித்தான் உமர். "குனிஞ்சுதானே கீறாரு?"

"இல்ல. அண்ணாந்துகினு."

சிரிப்பு நின்றது. "அய்யோ, அண்ணாந்தா நிக்காது பாபி, தொண்டைக்குள்ள போவும். குனிய வெச்சு, மூக்குல மெத்துன்னு இருக்கற எடத்த பத்து நிமிஷம் வுடாம புடிங்க. வாயால மூச்சு வுட சொல்லுங்க. அந்த மாத்திர துன்றவரு, இவ்ளோ நேரம் நிக்கலன்னா வூட்ல வெச்சினு இருக்கவே கூடாது. ஆட்டோவோட வந்துகினே கீறேன்."

போனை வைத்த பிறகுதான், மழையின் அடியில் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. மெல்லிய, ஈரமான சத்தம். மதியத்திலிருந்தே இருந்திருக்கிறது. யாசிரின் குரல்வளை ஏறி இறங்கியது.

மடக்.

அவள் அவன் கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்தாள். கழுத்து வளையவில்லை.

"துணி..." என்றான். பல்லெல்லாம் கறுத்திருந்தது.

சட்டத்தைக் காலால் தள்ளினாள். அது சுவரோரம் போய் நின்றது. மறுபடி இழுத்தாள். இம்முறை அவன் எளிதாகக் குனிந்தான். மிக எளிதாக. மூக்கைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. அவன் வாய்க்கு நேராக உள்ளங்கையை வைத்தாள்.

காற்று இல்லை.

பிடித்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

கதவு திறந்தது. உமர் நனைந்தபடி வந்து மண்டியிட்டான். அண்ணனின் மணிக்கட்டைத் தொட்டான். கழுத்தைத் தொட்டான். கண்ணிமையை விலக்கிப் பார்த்தான்.

"பாபி. வுட்ருங்க. போயிட்டாரு."

அவள் விரல்களைத் தளர்த்தினாள்.

மூக்கிலிருந்து ஒரு துளிகூட விழவில்லை.

குனிந்திருந்த தலை அசைந்தது. உமர் கையை இழுத்துக்கொண்டான். யாரும் தொடாமல், தலை மெல்ல மெல்ல நிமிர்ந்தது. பின்னால் சாய்ந்தது. சுவரில் பதிந்தது.

மடக்.