சுவர் முந்திக்கொண்டது

நவம்பர் 9, திங்கள்.

பிழை என்னுடையதுதான். வீட்டுப்பாடத்துக்காக நேற்றுச் சித்தப்பாவின் நாடியைப் பதினைந்து வினாடி மட்டும் பிடித்து, நான்கால் பெருக்கி, ‘சீர்’ என்று எழுதிவிட்டேன். மாலை நர்சிங் உதவியாளர் பயிற்சி வகுப்பில் நர்ஸ் டீச்சர் தாளைத் திருப்பி எறிந்தார்.

“இதயத்துல சூடு வச்சவருக்குப் பெருக்கல் கணக்கா? முழு நிமிஷம் பிடிச்சுப் பாரு, போ.”

சில வருடங்களுக்கு முன் சித்தப்பாவின் இதயம் தாளம் தப்பியது. தொடைவழியே மெல்லிய குழாய் செலுத்தி, தப்புத்தாளம் கிளம்பும் இடங்களைச் சுட்டுப் பொசுக்கினார்கள். நின்றது. அவரும் மாத்திரையை நிறுத்திவிட்டார். வெகுகாலம் கழித்தும் அது திரும்பலாம், இரத்தம் உறைந்து மூளைக்கு ஏறலாம் என்று இன்றுதான் படித்தேன்.

வகுப்பு முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். தனிக்கட்டை. விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறையெங்கும் கருகிய தோலின் வாடை. அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

“வந்துட்டாரு அரை டாக்டரு. நேத்துதானே கையப் பிடிச்சே? கல்யாணமா பண்ணிக்கப்போறே?”

“தப்பா எண்ணிட்டேன் சித்தப்பா.”

“உங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு.”

மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. பிறகு மூன்று, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு.

தலைமாட்டுச் சுவருக்குள் ஏதோ தட்டியது.

டொக். நாடி துடித்தது.

டொக் டொக். நாடி இருமுறை.

என் காதுதான் பிசகு என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஒருமுறைகூட நாடி முந்தவில்லை.

“கேக்குதா?” சித்தப்பாவின் குரல் இறங்கிவிட்டது. “சூடு கண்ட பூனை திரும்பாதும்பாங்க. இது பூனை இல்லடா. சுட்டதுக்கு வஞ்சம் வச்சு வந்திருக்கு.”

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“மெல்லப் பேசு! மறுபடி சுடுவாங்கன்னு அதுக்குத் தெ—”

தட்டல் நின்றது.

என் விரலடியில் ஒன்றுமில்லை.

அவர் வாய் திறந்தபடி இருந்தது. வேறெதுவும் தோன்றாமல் முஷ்டியால் சுவரை இடித்தேன்.

நாடி துள்ளியது.

மறுபடி இடித்தேன். மறுபடி துள்ளியது. போனைத் தோளில் இடுக்கி ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டே, நாடியை விடாமல், மறுகையால் சீராக இடித்தேன். உள்ளிருந்து அது தாறுமாறாக எதிர்த்துத் தட்டியது. ஒவ்வொரு துடிப்புக்கும் சண்டை. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து என்னை இழுத்தபோது விரல்முட்டியில் தோல் இல்லை.

பிழைத்துக்கொண்டார். இரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏறுகிறது. “பழைய தாளக்கோளாறுதான். சிலருக்குத் தாமதமாத் திரும்பும், பயப்படாதீங்க,” என்றார் வார்டு டாக்டர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கருகல் வாடை இங்கேயும் இருக்கிறது. என் முதுகுப்பக்கச் சுவரில் தட்டல் கேட்கிறது. எதிரே திரையில் பச்சைக்கோடு, ஒரு நொடி பிந்தி, அதற்குக் கீழ்ப்படிகிறது.

நாளைய வேலை: காலையில் இதய டாக்டர் வந்ததும், மறுபடி சுடச் சம்மதம் என்று சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது. வாய் திறக்காமல்.