மரினுஸ் உட்கார்ந்த இடம்

சனிக்கிழமை பிற்பகல், இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு தேவாலயத்துக்குள் நுழைந்தேன். மறுநாள் திருவிருந்து, இயேசுவின் நினைவாக ஒரே மேசையில் ரொட்டியும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் நாள். மேசை விரிப்பது உண்மையில் என் புருஷன் யாப்பின் வேலை. பூட்டு, மணி, பெருக்கல், துடைத்தல் எல்லாம் அங்கே அவர் பொறுப்புதான். ஆனால் சுருக்கம் விழாமல் ஒரு துணியை விரிக்க அந்த மனுஷனுக்கு வராது. அதனால் அது என் தலையில் விழுந்து வருஷக்கணக்காகிறது.

பிப்ரவரி மாதம். ஸீலாந்து மாகாணத்தில் எங்கள் தீவைச் சுற்றிக் கடலோரமே உறைந்துபோயிருந்தது. உள்ளே கணப்பு கிடையாது. பெண்கள் காலுக்கடியில் வைத்துக்கொள்ளும் தணல்பெட்டிகள் ஒரு பொட்டுச் சாம்பல்கூட இல்லாமல் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஈரக் கல்லும் பழைய மரமும் கலந்த வாசனை. மூச்சு விட்டால் புகை வந்தது.

விரிப்பை உதறிப் போட்டேன். எட்டாத மூலையை இழுப்பதற்காக மேசையை ஒட்டி ஆண்கள் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் ஒரு கையை ஊன்றினேன்.

சூடு.

சட்டென்று கையை எடுத்தேன். மறுபடி வைத்தேன். யாரோ ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனது போன்ற இளஞ்சூடு. இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். பலகை பனிக்கட்டியாக இருந்தது. ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும்தான் அந்தச் சூடு.

யாப்பைக் கூப்பிட்டேன்.

“எவளாவது தணல்பெட்டியை மறந்து வச்சிட்டுப் போயிருப்பா” என்று முணுமுணுத்தபடி குனிந்து பெஞ்சுக்கடியில் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு அவரும் கையை வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

“பினா, இது மரினுஸ் உட்கார்ந்த இடம்டி” என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உலகத்தைப் படைப்பதற்கு முன்பே கடவுள் தம்முடையவர்களைத் தெரிந்தெடுத்துவிட்டார், அதில் நாம் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை என்று பால்குடி வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று உள்ளுக்குள் உறுதி வராதவன் மேசைக்கு வரக்கூடாது. யாருக்கு அந்த உறுதி வரும்? நாலைந்து வயசாளிகள் எழுந்து போவார்கள். மற்ற அத்தனை பேரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. அந்த ரொட்டி என்ன ருசி என்று தெரியாது. விரிப்புக்கு இஸ்திரி போடத்தான் தெரியும்.

மரினுஸ் என் பக்கத்து வீட்டுத் தன்னெக்கே அக்காவின் ஒரே பிள்ளை. கடலணையைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். போன இலையுதிர்காலத் திருவிருந்தில், யாரையும் கேட்காமல் எழுந்து போய் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டான்! ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் வெர்ஹாகே வாசலில் அவனை மறித்தார்.

“உன்னை யாருடா கூப்பிட்டா?”

“போதகர்தான் வாங்கன்னாரு. வந்தேன்.”

“அது உனக்குச் சொன்னதில்லடா. தெரிந்தெடுக்கப்பட்டவங்களுக்குச் சொன்னது.”

“அப்படின்னா அவங்க காதுல மட்டும் சொல்லியிருக்கலாமே, மூப்பரே!”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போர்வையால் வாயை மூடிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே நுரையீரல் காய்ச்சலில் படுத்தான். அடுப்பாகக் கொதித்து, அப்படியே போய்விட்டான். தகுதியில்லாமல் சாப்பிட்டான், தண்டனையைச் சாப்பிட்டான் என்று ஊர் குசுகுசுத்தது. பாவிகள். ஆனால் தன்னெக்கே அக்காவை உள்ளுக்குள் அரித்தது ஊர்ப்பேச்சு இல்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்.

“கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அம்மா, நான் அவர்கிட்டதானே போறேன்?’னு கேட்டான் பினா. ஆமாம்டா கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையே எனக்கு! யாரும் அப்படிச் சொல்லக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி வளர்த்துட்டாங்களே. ‘தெரியலடா’ன்னு சொன்னேன். அவன் கையை விட்டுட்டான்.”

அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. பிள்ளை எங்கே போனான் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

யாப் போய் மூப்பரை அழைத்து வந்தார். வெர்ஹாகே பெஞ்சில் விரலை வைத்துப் பார்த்தார். உடனே எடுத்து அங்கியில் துடைத்துக்கொண்டார்.

“இது எந்த நெருப்போட சூடுன்னு தெரியலையா? இதை அந்தம்மா காதுக்குக் கொண்டுபோகாதே.”

நேராக அவள் வீட்டுக்குத்தான் போனேன். பெற்றவளுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

கேட்டுவிட்டு, “மூப்பர் என்ன சொன்னாரு?” என்றாள். எனக்குப் பொய் வராது. சொன்னேன்.

“அவருக்கு என்னக்கா தெரியும்? விடு” என்றேன்.

“எந்தச் சூடா இருந்தா என்ன பினா, அங்க அவன் தனியாத்தானே இருக்கான்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் நிறைய வெயில். துளி வெப்பமில்லாத வெயில். நகரத்திலிருந்து வந்த போதகர் தகுதியில்லாதவர்களுக்கான எச்சரிப்பையெல்லாம் வாசித்து முடித்து, வாருங்கள் என்றார். நாலைந்து பேர் எழுந்தார்கள். பெஞ்சின் இடதுகோடி எப்போதும் வெர்ஹாகேயின் இடம். அதற்கு அடுத்ததுதான் மரினுஸ் உட்கார்ந்தது. ஊரே பார்க்கும்போது எப்படி மாறி உட்காருவார்? கோடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போது என் பக்கத்தில் துணி சரசரத்தது.

தன்னெக்கே அக்கா எழுந்து நின்றாள்.

“அக்கா, வேண்டாம்” என்று அவள் பாவாடையைப் பிடித்தேன். மெதுவாக என் விரல்களை எடுத்துவிட்டாள். அறுபது வருஷமாக அந்த மேசையைத் தூரத்திலிருந்தே பார்த்தவள், பெண்கள் பக்கத்தை விட்டு ஆண்கள் பக்கத்துக்கே போனாள். அந்த இடத்தை ஒட்டி, வலப்பக்கம் உட்கார்ந்தாள்.



ரொட்டித் தட்டு கைமாறிக் கைமாறி வந்தது. அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு தட்டை இடது கையால் பக்கத்தில் நீட்டினாள். அங்கே யாருமில்லை.

அவள் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

“அம்மா வந்துட்டேன்டா.”

கையை விட்டாள்.

தட்டு விழவில்லை.

அது அப்படியே நின்றது. விரிப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், ஆடாமல். போதகர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு அது இடப்பக்கம் நகர்ந்தது. மூப்பர் வெர்ஹாகேயின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.

வாங்கிக்கொள் என்பது போல.

அந்தக் குளிரில் அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. கை பாதிவரை வந்து திரும்பிவிட்டது. எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். கதவு சாத்திய பிறகுதான் தட்டு சத்தமில்லாமல் விரிப்பில் இறங்கியது.

தன்னெக்கே அக்கா எதையும் பார்க்கவில்லை. அவள் இடது கை மேசைக்குக் கீழே போயிருந்தது. ஆராதனை முடியும்வரை மேலே வரவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை செத்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை. நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமலே.

வெர்ஹாகே அதற்குப் பிறகு மேசைக்கு வரவில்லை. என்னை மட்டும் ஒருநாள் தெருவில் நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பினா, அது என்னையும் கூப்பிட்டுச்சா? இல்ல, பழி தீர்த்துச்சா?”

“எனக்கு எப்படித் தெரியும் மூப்பரே?” என்றேன். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பனி உருகுவதற்குள் தன்னெக்கே அக்கா போய்விட்டாள். தூக்கத்திலேயே. எங்கள் ஊரில் செத்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்துவது அண்டைவீட்டாரின் கடமை. காலையில் நான்தான் செய்தேன். முகம், தோள், பாதம் எல்லாம் சில்லிட்டு விறைத்திருந்தன. வலது கையைப் பாடுபட்டு மடக்கி மார்பின்மேல் வைத்தேன். பிறகு படுக்கையின் ஓரத்தில் கிடந்த இடது கையைத் தொட்டேன்.

அது சூடாக இருந்தது.

விரல்கள் மடங்கியிருந்தன, இன்னொரு கையைச் சுற்றி. அந்த இன்னொரு கை மட்டும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டு கையும் மார்பில் சேர்ந்திருக்க வேண்டும், அதுதான் வழக்கம். இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. விறைப்பு இல்லை அது. முழங்கையும் மணிக்கட்டும் உயிருள்ளவை போல வளைந்தன. நான் இழுத்தபோது மறுபக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள். முரட்டுத்தனமாக இல்லை. கொஞ்சம்கூட விடாமல்.

எங்கே கூட்டிக்கொண்டு போகிறான் என்று கேட்க வாய் எடுத்தேன். பயந்து மூடிக்கொண்டேன். எந்த இடமாக இருந்தாலும், இந்த முறை யாரும் கையை விடவில்லை.

நான்தான் விட்டேன். அந்தக் கையைப் பக்கவாட்டில் அப்படியே இருக்கவிட்டு, பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்கி மூடினோம்.