புகையாத கனல்

மெதுவாகவே சொல்கிறேன். அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

இனயம் ஊரில் இஸ்ரவேல் மாமா வீட்டு மாடிக்கு நாங்கள் வாடகைக்குப் போனபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. படுக்கையறைக் கூரையில் சின்னத் தட்டு மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி. புகையோ விஷவாயுவோ வந்தால் கத்துமாம். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“சும்மா கெடந்து கீச்சு கீச்சுன்னு கத்தும். நான்தான் கழத்திப் போட்டேன்,” என்றார்.

“முன்ன இருந்தவிய?” என்று அம்மா கேட்டாள்.

“அவிய காலி பண்ணிட்டுப் போயாச்சு.” முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார்.

என் அக்கா பிரிஜா பிரசவம் முடிந்து குழந்தையோடு வந்தாள். துணி காயவில்லை, அறையெல்லாம் ஈர வாடை. அம்மா தேங்காய்ச் சிரட்டைக் கனலைச் சட்டியில் அள்ளி, சாம்பிராணி தூவி, குழந்தைக்குப் புகை காட்டுவாள். புகை அடங்கியதும் சட்டியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு ஜன்னலைச் சாத்துவாள்.

“புள்ளைக்குக் காத்து பிடிக்கும். பொகையெல்லாம் போச்சுல்லா, இனி கனல் ஒண்ணும் செய்யாது.”

அன்று மத்தியானம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கீச்.

“பல்லி,” என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

“தலை இடிக்கு ஏட்டி, அபினா.” அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

எனக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது.

கீச்.

நாற்காலியில் ஏறிப் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

“ஏட்டி... ஜன்னலத் தொற.”

அது அக்காவின் குரல் இல்லை.

குதித்து இறங்கி ஜன்னலைத் தள்ளினேன். சாரல் தொட்டிலில் தெறித்தது. அம்மா ஓடிவந்து சாத்தினாள். பெட்டி பேசியதைச் சொன்னேன்.

“அவளுக்கே பச்ச ஒடம்பு. பேட்டரி இல்லாத பெட்டி பேசுதாம். பள்ளிக்கொடத்துல இதத்தான் படிக்கியா?”

மறுநாள் பள்ளி விட்டு வரும்போது தெருமுனையிலேயே கேட்டது. அதே கீச், விடாத அலறலாக. கீழ்வீட்டு நேசபாய் அக்கா குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு மக்கா ஓடுத?”

அவளுக்குக் கேட்கவில்லை.

அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். கதவைத் தள்ளியதும் அலறல் நின்றது.

ஜன்னலின் ஒரு கதவு திறந்திருந்தது. தொட்டில் அதனடியில். குழந்தை சாரலில் நனைந்து அழுதது.

அக்கா கட்டிலில் இருந்தாள். எழுந்த அடையாளமே இல்லை. போர்வை கழுத்துவரை அப்படியே. கன்னம் மட்டும் சிவந்திருந்தது, சிரித்து முடித்தவள் மாதிரி.

புகையாத கனலின் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை என்றார் டாக்டர்.

கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் நேசபாய் அக்கா என் கையைப் பிடித்தாள். “முன்ன இருந்த பொண்ணும் பேறு கழிஞ்சவதான் மக்கா. இதே அறைலதான் செத்துக் கெடந்தா.”

“எங்ககிட்ட ஏன் சொல்லல்ல?”

“வாடகைக்கு ஆள் வராதுன்னு இஸ்ரவேல் அண்ணன் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு.”

நாங்கள் தேங்காய்ப்பட்டணம் வந்துவிட்டோம். காலி செய்த அன்று பெட்டியைக் கழற்றி எடுத்து வந்தேன். அதோ, அலமாரிக்குள் இருக்கிறது.

கீச்.

கேட்டாயா?

“ஏட்டி அபினா... ஜன்னலத் தொற.”

இப்போது அது அக்காவின் குரல்.

எங்கள் ஜன்னல் திறந்துதான் கிடக்கிறது. இனயத்து மாடியில் இன்று வேறு ஆட்கள் குடிவந்தார்களாம். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அலமாரியையே பார்க்கிறாள்.

பல்லி என்று சொல்லவில்லை.