கீழே, மேலே, கீழே!

கடுகு என்பது அவளுடைய அம்மாவும் அப்பாவும் வைத்த பெயர் இல்லை. வகுப்பிலேயே குட்டையானவள் அவள்தான். ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை வெடிப்பாள். அதனால் பள்ளிக்கூடமே சேர்ந்து வைத்த பெயர் அது. எண்ணெயில் விழுந்த கடுகாவது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், இவள் அடங்கவே மாட்டாள்.

கடுகுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியும். பார்த்திருக்கிறீர்களா? கிதாருக்குத் தங்கச்சி மாதிரி சின்னதாக இருக்கும். ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பிகள். நகத்தளவு முக்கோணத் துண்டு ஒன்றை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பிகளை மீட்ட வேண்டும். அந்தத் துண்டுக்குப் பிக் என்று பெயர்.

அது சித்தியின் மாண்டலின். வேலை மாறி வேறு ஊருக்குப் போனபோது சித்தி அதைக் கடுகிடம் கொடுத்தாள். வண்டி கிளம்பும் அவசரத்தில் ஒரே ஒரு விதியையும் சொல்லிவிட்டுப் போனாள்.

"கீழே, மேலே, கீழே, மேலே. கை இப்படியே மாறி மாறிப் போகணும். அவ்வளவுதான்டி விஷயம்!"

கடுகு அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போதாததற்குத் தானே ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். அடுத்தடுத்து இரண்டு முறை கீழே மீட்டுகிறவர்கள் சோம்பேறிகள்! இது அவளே கண்டுபிடித்த விதி. யாரும் கேட்காமலே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவில் எட்டுப் பேர் சேர்ந்து பழைய வட்ட ஆட்டம் ஆடுவதாக முடிவானது.

"ஒவ்வொரு வருஷமும் ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு. இந்தத் தடவை நம்ம கடுகு வாசிக்கட்டும்" என்றார் டான்ஸ் டீச்சர்.

கடுகுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கு மதியச் சாப்பாட்டைக்கூடப் பாதியில் வைத்துவிட்டாள்.

ஆனால் புதன்கிழமை ஒத்திகையில் எல்லாம் தலைகீழானது. விழா சனிக்கிழமை.

வட்டத்துக்கு முதல் ஆள் நெட்டை. கடுகின் வகுப்புத்தான், ஆனால் கடுகைப் போல ஒன்றரை மடங்கு உயரம். அவள் அடி எடுத்து வைத்தால் பின்னாலேயே மற்ற ஏழு பேரும் வர வேண்டும். அன்றைக்கு அவள் நான்கு அடி சரியாக வைத்தாள். ஐந்தாவதில் தடுமாறி நின்றாள். அவ்வளவுதான், பின்னால் வந்த ஏழு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நெட்டை! தகிட தகிட, ரெண்டு அடி! ஒரு தகிடவுக்கு ஒரு அடி. நீ ஏன் மூணு வைக்கிற?" என்று கத்தினார் டீச்சர்.

"எனக்கு மூணுதான் கேக்குது டீச்சர்" என்றாள் நெட்டை மெதுவாக.

"நான் சரியாத்தான் வாசிக்கிறேன்!" என்று கடுகு வெடித்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் அவளுக்குக் கோபமாக வந்தது. ஏழு பேர் சரியாக ஆடும்போது இவள் ஒருத்திக்கு மட்டும் என்ன கேடு?

மறுபடி ஆடினார்கள், மறுபடி முட்டினார்கள். மூன்றாவது முறையும் அதே கதை.

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. சுருட்டை, நீ முன்னாடி வா. நெட்டை, இந்த வருஷம் நீ உக்காந்து பாரும்மா. அடுத்த வருஷம் ஆடலாம்."

நெட்டை ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். ஆட்டத்துக்கான காலணிகளைக் கழற்றினாள், பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். போகும்போது மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

சுருட்டை முன்னால் வந்ததும் ஆட்டம் தடங்கலில்லாமல் ஓடியது. 'நான் சொன்னேன்ல' என்று கடுகு மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் டீச்சரை வெளியே கூப்பிட்டார். கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்த டீச்சர் அப்படியே எழுந்து போனார். உடனே ஏழு ஜோடிக் கால்களும் நின்றுவிட்டன.

"ஏன் நிறுத்திட்டீங்க? நான் வாசிச்சிட்டுத்தானே இருக்கேன்?" என்றாள் கடுகு.

"டீச்சர் கைதட்டாம எப்படி ஆடறது?" என்றாள் சுருட்டை.

"என் மாண்டலின்?"

"அதை யாரு கேட்டா?" சுருட்டை சிரித்தாள். "நாங்க டீச்சர் கையைப் பார்ப்போம், வாய்க்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணுவோம். நீ வாசிக்கிறதைக் கேட்டா குழம்பிடும்."

கடுகுக்கு முகம் சுருங்கிப்போனது. அதற்கடுத்து வந்த யோசனை இன்னும் மோசம். நெட்டை டீச்சருக்கு முதுகைக் காட்டியல்லவா ஆடினாள்? அவளுக்கு முன்னால் பார்த்து ஆடவும் ஆள் இல்லை, வாய்க்குள் எண்ணும் பழக்கமும் இல்லை. அப்படியென்றால் இந்தக் கூட்டத்திலேயே மாண்டலினைக் கேட்டு ஆடிய ஒரே ஆள் அவள்தான்.

'எனக்கு மூணுதான் கேக்குது டீச்சர்.'

ஒத்திகை முடிந்ததும் கடுகு மாண்டலினைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக நெட்டையின் அப்பா வைத்திருந்த சைக்கிள் கடைக்கு ஓடினாள்.

கடை வாசலில் நெட்டை ஒரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். டயர் மேல் அவளுக்கு என்ன பகையோ, அந்த அடி அடித்தாள்.

"என்ன, கேலி பண்ண வந்தியா?" என்றாள் திரும்பாமலே.

"இல்ல. நான் வாசிக்கிறேன். உனக்கு எது பலமாக் கேக்குதோ அப்போ தட்டு. என் கையைப் பார்க்காதே."

நெட்டை கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு ஸ்பேனரை எடுத்துத் தகர டப்பாவின் மேல் வைத்துக்கொண்டாள். கடுகு வாசித்தாள். தகிட தகிட. தகிட தகிட.

டங். டங். டங்.

"மூணு!" என்றாள் கடுகு.

"அதைத்தானே நான் அங்கயே சொன்னேன்!"

"மறுபடி."

டங். டங். டங். இந்த முறையும் மூன்றுதான். இரண்டு தகிடவுக்கு இரண்டு அடி விழ வேண்டிய இடத்தில், தக தக தக என்று மூன்று அடி விழுந்தது.

"அந்த ஸ்பேனரை எடுத்த இடத்துல வைங்க! டப்பாவை நசுக்கிடாதீங்கடி" என்று உள்ளேயிருந்து நெட்டையின் அப்பா குரல் கொடுத்தார்.

கடுகுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தகிட தகிட என்றுதானே வாசிக்கிறோம், எங்கிருந்து வருகிறது இந்தத் தக தக தக? நெட்டை விட்ட இடத்திலிருந்து காற்று அடிக்கத் தொடங்கினாள். பம்பின் பிடி கீழே போகும்போது புஸ் என்றது. மேலே வரும்போது சத்தமே இல்லை. கீழே புஸ், மேலே ஒன்றுமில்லை. கடுகு அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெட்டை! கீழே போகும்போதுதான் பலம்!"

"பம்புன்னா அப்படித்தானே இருக்கும்? இதென்ன புதுசா?"

"என் கையும் அப்படித்தான்டி!"

நீங்களும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். த கி ட, த கி ட. மொத்தம் ஆறு. கை மாறி மாறிப் போனால் கீழே மேலே கீழே, மேலே கீழே மேலே. முதல் 'த' கீழே விழுகிறது, சரி. இரண்டாவது 'த' மேலே போகும் கையில் மாட்டிக்கொண்டு பலமில்லாமல் போகிறது. கீழே வருவது மொத்தம் மூன்று முறை. நெட்டையின் காதில் விழுந்தது அந்த மூன்றுதான். நாலு நாலாகப் போகும் பாட்டுக்கெல்லாம் சித்தியின் விதி கச்சிதமாகப் பொருந்தும். மூன்று மூன்றாகப் போகும் இந்த ஆட்டத்துக்கு அது உதவாது.

"அப்போ ஒவ்வொரு தகிடவையும் கீழேயிருந்துதான் தொடங்கணும். கீழே மேலே கீழே, கீழே மேலே கீழே" என்றாள் கடுகு.

"ரெண்டு தடவை சேர்ந்தாப்ல கீழே வருதே? அது சோம்பேறிங்க வாசிக்கிறதுன்னு சொல்லுவியே?"

"அதெல்லாம் இப்போ ஞாபகப்படுத்தாதே!"

நெட்டை மறுபடி ஸ்பேனரோடு திரும்பி உட்கார்ந்தாள், கடுகு மெதுவாக வாசித்தாள். அது சோம்பேறித்தனமே இல்லை, அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஒரு முறை கீழே மீட்டிவிட்டுக் கையைச் சட்டென்று தூக்கிக்கொண்டு மறுபடி கீழே வர வேண்டும். நாலைந்து முறை பிக் கையிலிருந்து பறந்து போய் டயர்களுக்குள் விழுந்தது. ஆனால் ஒரே ஒரு முறை சரியாக வந்தபோது ஸ்பேனர் டங், டங் என்று இரண்டே முறை அடித்தது.

நெட்டை திரும்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அப்போ என் கால் சரியாத்தான் இருந்துச்சா?"

"உன் கால் சரி, காதும் சரி. என் கைதான் தப்பு" என்றாள் கடுகு.

மறுநாள் காலை எல்லாரும் கூடியிருக்கும்போதே கடுகு போய் நின்றாள். "டீச்சர், தப்பு நெட்டை கால்ல இல்ல. என் கையில." ஸ்பேனர் கதை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

டீச்சர் அவளை வாசிக்கச் சொன்னார். இரண்டு விதமாகவும் வாசிக்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அடப்பாவமே! நான் கைதட்டின சத்தத்துல இது என் காதுலயே விழலையே" என்றார். நெட்டையைப் பக்கத்தில் கூப்பிட்டு, "தப்பு என் மேலயும் இருக்கும்மா. நீ உன் இடத்துக்குப் போ" என்றார்.

பிறகு கடுகு பக்கம் திரும்பினார். "ஆனா நாளன்னைக்கு விழா. மெதுவா வாசிச்சா சரியா வருது. கடைசிச் சுத்து வேகமாப் போகணுமே, வருமா? நான் ஸ்பீக்கரைத் தயாரா வச்சிருப்பேன். மேடையில உன் கை பழையபடி போச்சுன்னா பட்டனை அழுத்திடுவேன். ஆடறவங்க விழுந்துடக் கூடாது, பாரு."

கடுகு ஸ்பீக்கரை ஒரு முறை முறைத்துப் பார்த்தாள். இருந்தாலும் சரி என்று தலையாட்டினாள்.

அந்த இரண்டு நாளும் வீடு வீடாக இல்லை. பல் தேய்க்கும்போது கீழே மேலே கீழே. முதுகு தேய்க்கும்போது கீழே மேலே கீழே.

"பல்லு தேய்க்கிறியா, சுவருக்கு வெள்ளையடிக்கிறியா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது கடுகு கரண்டியால் குழம்பு ஊற்றினாள். கீழே மேலே கீழே. குழம்பு அப்பாவின் சட்டையில் விழுந்தது.

"நல்லா வாசிக்கிறம்மா" என்றார் அப்பா, சட்டையைப் பார்த்துக்கொண்டே.

சனிக்கிழமை மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் டீச்சர் முன்னால் நின்று கைதட்ட முடியாது. திரை ஓரத்தில், ஸ்பீக்கர் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். சுருட்டைக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரைப் பார்த்து ஆடறது?" என்று முணுமுணுத்தாள்.

"காதால ஆடு" என்றாள் நெட்டை.

கடுகு தொடங்கினாள். தகிட தகிட. மரப்பலகை மேடையில் எட்டுப் பேரின் கால்களும் ஒன்றாக இறங்கின. முதல் சுற்று மெதுவாகப் போனது, ஒரு குறையும் இல்லை. இரண்டாவது கொஞ்சம் வேகம். கடுகின் மணிக்கட்டு வலித்தது, ஆனாலும் கை சொன்னபடி கேட்டது.

மூன்றாவது சுற்றில் வேகம் ஏறியதும் கை பழைய வழிக்கே ஓடிவிட்டது. கீழே மேலே கீழே, மேலே! தக தக தக!

நெட்டையின் கால் தரைக்கு ஓர் அங்குலம் மேலே தயங்கியது. டீச்சரின் விரல் பட்டனில் அழுந்தப் போனது.

ஐயோ என்று நின்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கடுகு நிற்கவில்லை. தப்பிப் போன கையை அப்படியே உயரத் தூக்கி, அடுத்த தகிடவின் 'த'வில் எட்டுக் கம்பியும் அதிர ஓங்கிக் கீழே இறக்கினாள்.

ஜங்!

டக்! நெட்டையின் கால் அதன் மேலேயே வந்து இறங்கியது. பின்னாலேயே ஏழு பேரும் வந்தார்கள். கீழே மேலே கீழே, கீழே மேலே கீழே. வட்டம் சுழன்றது, பாவாடைகள் குடை மாதிரி விரிந்தன. சுருட்டை வாய்க்குள் எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள்.

அப்போது அரங்கத்தில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். வரிசை வரிசையாகத் தட்டல் பரவி, கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தவர்கள்வரை போனது. யாரும் அவர்களுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் முழு அரங்கமும் ஒரே மாதிரி தட்டியது.

தகிட தகிட. டப், டப்.

"ரெண்டு! ரெண்டு தட்டறாங்க!" என்று கடுகு மேடையிலேயே கத்திவிட்டாள். ஆடிக்கொண்டிருந்த எட்டுப் பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உட்காரவே இல்லை. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று ஒரே கூச்சல். டீச்சர் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். மேடையைப் பார்த்து 'ம், ஆரம்பிங்க' என்று கையைக் காட்டினார்.

நெட்டை மூச்சு வாங்கிக்கொண்டே கடுகின் காதருகே குனிந்தாள். அவளுக்கு நன்றாகவே குனிய வேண்டியிருந்தது.

"இந்தத் தடவை இன்னும் வேகமாப் போடு."

"விழுந்துட்டா?"

"நீ கீழே வரும்போது நானும் கீழே வர்றேன். அப்புறம் எப்படி விழுவோம்?"

கடுகு பிக்கை இறுக்கிப் பிடித்தாள். அவள் கை கீழே வந்தது, கூடவே எட்டுப் பேரின் கால்களும் வந்தன.