நாற்பத்தோரு குப்பிகள்

திங்கள், காலை 8.10.

ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டி வாயைப் பிளந்து நின்றது. பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. சுற்றிலும் தண்ணீர். உள்ளே, நாற்பத்தோரு நோயாளிகளின் கல்லீரல் கட்டிகளிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகள் நாற்பத்தோரு குப்பிகளில் இருந்தன. கல்லாக உறைந்திருக்க வேண்டியவை கலங்கிய நீராகிக் கிடந்தன.

முதலில் பார்த்துப் பேராசிரியருக்குப் போன் செய்தது டெக்னீஷியன். பதினெட்டு வருடமாக அங்கே வேலை செய்பவர். பேராசிரியர் உட்பட எல்லோருக்கும் அவர் 'பெரியக்கா'.

8.50.

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண். ஸ்டேஷனில் அவருக்கு 'இன்னொரு தரம்' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் இன்னொரு தரம் சொல்லச் சொல்வார்.

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க," என்றார் பேராசிரியர். "யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை என்கிட்ட சண்டை போட்டது யாருன்னு கேட்டுப் பாருங்க."

மூலையில் நின்ற ஆராய்ச்சி மாணவி விருட்டென்று நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "நேத்து காலையில சாவி போட்டுத் திறந்து வந்தது யாருன்னும் கேளுங்க மேடம். வாட்ச்மேன் நோட்டுல இருக்கு."

"என் மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தேன்!"

"ஞாயித்துக்கிழமையா சார்?"

"ஏன், ஞாயித்துக்கிழமை எனக்குக் கண்ணு தெரியணும்னு அவசியம் இல்லையா?"

இன்ஸ்பெக்டர் இருவரையும் விட்டுவிட்டு உறைபெட்டியை எட்டிப் பார்த்தார். நடுத்தட்டில் குப்பிகள் அடுக்கிய இரண்டு அட்டைப் பெட்டிகள். மேல்தட்டின் கோடியில், பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் டம்ளர். அது நிறைய ஐஸ். ஐஸின் மேல் ஒரு சைக்கிள் நட்டு உட்கார்ந்திருந்தது.

"இதை யார் வெச்சது?"

"நான்தான் மேடம். போன வருஷம் வெச்சேன்," என்றாள் மாணவி.

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். "பெட்டி சூடானா அலாரம் அடிக்காதா?"

"பேட்டரி செத்து நாலு மாசம் ஆச்சு," என்றார் பெரியக்கா. "எழுதிக் கொடுத்தேன். எழுதினதைத்தான் காணோம்."

9.20. மாணவியின் அறை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. இந்தக் குப்பிகள்ல என்ன இருந்தது?"

மாணவி மூக்கை உறிஞ்சினாள். "ஈரலை வெட்டினா வளரும், தெரியும்ல? அந்த மாதிரி வளர வைக்கிற ஜீன்கள் இருக்கு. ஸ்டெம் செல் ஜீன்கள். முழுசா வளர்ந்த ஈரல் செல்லுல அதெல்லாம் அடங்கித் தூங்கும். புத்துநோய் வந்தா சில செல்லுல அது முழிச்சுக்கும். அந்த செல் தன் வேலையை மறந்துடும். பெருகறது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும். மருந்து கொடுத்தா மத்ததெல்லாம் செத்தாலும் இது ஒளிஞ்சிருந்து திரும்ப முளைக்கும்."

"சார் என்ன பண்ணார்?"

"அந்த ஜீன்கள்ல ஒண்ணைத் தூங்க வைக்க ஒரு ஊசி கண்டுபிடிச்சார். வியாழக்கிழமை இந்த நாற்பத்தோரு பேருக்கும் முதல் ஊசி. ஆனா போன மாசம் நான் வளர்த்த செல்கள்ல ஒண்ணு பார்த்தேன். அந்த ஜீன் தூங்கினதும், சிலதுல பக்கத்து ஜீன் முழிச்சுக்குது. கட்டி முன்னைவிட வேகமா வளருது. யாரோட கட்டி அந்த ரகம்னு தெரியணும்னா இந்தக் குப்பிகளைச் சோதிக்கணும். இன்னிக்குக் காலையில ஆரம்பிக்க இருந்தேன்."

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"சாருக்கு. வெள்ளிக்கிழமை சோதிக்கணும்னதும் கத்தினார், அப்புறம் சரின்னுட்டார். பெரியக்காவுக்கும் தெரியும். பக்கத்துலதான் இருந்தாங்க."

"வெள்ளிக்கிழமை எப்ப கிளம்பினே?"

"நாலு மணிக்கே. இன்குபேட்டரைக் கழுவணும்னு பெரியக்கா பூட்டிட்டாங்க. எனக்கு வேலை ஓடல."

"இன்குபேட்டர்னா?"

"செல் வளர்க்கிற பெட்டி மேடம். நம்ம உடம்புச் சூடு எவ்வளவோ அதே சூட்டுல இருக்கும்."

9.45. காவலாளி.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. ஞாயிறு பதினோரு மணிக்குப் பேராசிரியர் வந்தார், பத்து நிமிடத்தில் போனார், மூக்கில் கண்ணாடி இருந்தது. திங்கள் காலை ஏழேகாலுக்குப் பெரியக்கா.

10.00. பெரியக்கா.

"சனி, ஞாயிறு எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில. என் வீட்டுக்காரர் பக்கத்துல. நர்ஸுங்க எல்லாரும் பார்த்தாங்க, கேட்டுக்கோங்க."

"அவருக்கு என்ன?"

பெரியக்கா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஈரல்ல," என்றார்.

"காலையில என்ன பார்த்தீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க."

"வந்தேன். தரையெல்லாம் தண்ணி. பிளக் பிடுங்கிக் கிடந்துச்சு. சனிக்கிழமையே பிடுங்கியிருக்கணும். எல்லாம் உருகிப் போயிருந்துச்சு. உடனே சாருக்குப் போன் பண்ணேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் இன்குபேட்டரைத் திறந்து பார்த்தார். கழுவிய அடையாளமே இல்லை. அடித்தட்டில் இரண்டு சதுரமான ஈரத்தடங்கள் இருந்தன. உறைபெட்டியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்து ஒரு தடத்தின் மேல் வைத்தார். விளிம்போடு விளிம்பு பொருந்தியது.

10.30.

எல்லோரும் உறைபெட்டியின் முன் நின்றார்கள்.

"குளிர்பெட்டிக்குள்ள ஐஸ் இருந்தா யாரும் ஆச்சரியப்படறதில்லை," என்றார் இன்ஸ்பெக்டர். "அதனாலதான் இந்த டம்ளரை யாரும் கவனிக்கல. இதை எதுக்கும்மா வெச்சே?"

மாணவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கரண்ட் போய் வந்தா கண்டுபிடிக்க மேடம்! தண்ணியை உறைய வெச்சு மேல நட்டை வெச்சேன். நடுவுல ஒரு தரம் உருகினாலும் நட்டு அடிக்கு முங்கிடும்."

"நட்டு மேலயே இருக்கு. ஐஸும் இருக்கு. சனிக்கிழமை பிளக்கைப் பிடுங்கியிருந்தா இதுல வெறும் தண்ணிதான் இருக்கணும். ஆக, பிளக்கைப் பிடுங்கினது இன்னிக்குக் காலையில. அப்ப குப்பி மட்டும் எப்படி உருகிச்சு? அது வேற இடத்துல, உடம்புச் சூட்டுல, மூணு நாள் இருந்திருக்கு. இன்னிக்கு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கு. தரையில தண்ணியை ஊத்தி, கதவைத் திறந்து வெச்சாச்சு. ஏழேகாலுக்கு வந்தவங்க எட்டுப் பத்துக்கு 'உடனே' போன் பண்ணாங்க. நடுவுல ஐம்பத்தஞ்சு நிமிஷம்." பெரியக்காவின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரரோட குப்பி எந்த நம்பர்?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினேழு," என்றார் பெரியக்கா. குரல் உடையவில்லை. "இந்தப் பொண்ணு சோதிச்சா ஊசி தள்ளிப் போகும். அவரால காத்திருக்க முடியாது. டாக்டர் ரெண்டு மாசம்னு சொல்லிட்டார். இதே கட்டிகள்லேர்ந்து எடுத்து மெழுகுல பதிச்சு வெச்ச துண்டு ஆஸ்பத்திரியில இருக்குன்னு எனக்கும் தெரியும். அதைச் சோதிக்க ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள அவருக்கு ஊசி உள்ளே போயிருக்கும். அது போதும்னு நெனச்சேன்."

"பெரியக்கா, மூணு வருஷ உழைப்பு..." என்று தொடங்கிய பேராசிரியர் நிறுத்திக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரியை அழைத்தார். "வியாழக்கிழமை ஊசி வேண்டாம். யாருக்கும் வேண்டாம். மெழுகுத் துண்டெல்லாம் இங்க அனுப்புங்க."

பெரியக்கா முதல் முறையாக அழுதார்.

பதினாறு நாள் கழித்து, காலை 10.00.

ஜாமீனில் வெளிவந்த பெரியக்கா தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று பெஞ்சில் மாணவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு காகிதம்.

"நாற்பத்தோரு பேர்ல ஒன்பது பேருக்குப் பக்கத்து ஜீன் முழிச்சிருக்கு," என்றாள். "அவங்களுக்கு ஊசி கிடையாது. மத்தவங்களுக்கு நாளைக்கு ஆரம்பம்."

"பதினேழு?"

மாணவி காகிதத்தை இரண்டாக மடித்தாள். "அந்த ஒன்பதுலதான் பெரியக்கா. ஊசி போட்டிருந்தா ரெண்டு மாசமே இருந்திருக்காது. இந்த ரகக் கட்டி பழைய மருந்துக்குக் கொஞ்சம் அடங்கும்னு இப்பதான் தெரியுது, அதையே தொடருவாங்க. ஆறு மாசம் வரைக்கும் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றார். சாயங்காலம் அவரே உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசுவார்."

பெரியக்கா பேனாவை மேசையில் வைத்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லட்டுமா?"

இன்ஸ்பெக்டர் மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்றார் பெரியக்கா. மறுபுறம் வந்த பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அந்த ஊசி... அதைப் போடாம விட்டது நல்லதாப் போச்சுங்க. போட வெக்கணும்னு நான்தான் என்னென்னவோ பண்ணிட்டேன். சாயங்காலம் வரேன். உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்றேன்."