கரடியின் பாதம்

அக்டோபர் கடைசியில்தான் அந்த வீட்டுக்குக் குடிவந்தோம். மனைவி டெஸாவுக்கு ஒன்பதாம் மாதம். கனடாவின் தண்டர் பே நகரத்து ஆஸ்பத்திரி அங்கிருந்து அறுபது கிலோமீட்டர். நடுவில் செங்குத்தான ஓர் இறக்கம் வேறு.

பனிக்கால டயர் மாற்ற வேண்டுமா என்பதுதான் என் யோசனை. இரண்டு டாலர் நாணயத்தை டயர் பள்ளத்தில் செருகிப் பார்த்தேன். நாணயத்திலிருக்கும் கரடியின் பாதம் முழுக்கப் புதைந்தது. டயர் இன்னும் தேயவில்லை, போதும் என்று பட்டது.

"ஏம்பா கர்ட்டிஸ், பள்ளம் ஆழமா இருந்தா ஆச்சா? குளிர்ல இந்த ரப்பர் கல்லாயிடும். செருப்பப் போட்டுக்கிட்டு ஐஸ்ல டான்ஸ் ஆடப் போறியா?" என்றார் பக்கத்து வீட்டு ரெய்னோ. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"சனிக்கிழமை மாத்திடறேண்ணே."

அவர் முகம் சுண்டிப்போனது. சட்டென்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை, கராஜில் நின்ற காரின் முன்சக்கரத்தில் அதே மாதிரி ஒரு நாணயம் செருகியிருந்தது. என்னுடையது என் சட்டைப்பையில் இருந்தது.

பிடுங்கினேன். விரலோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லிட்டிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. கராஜ் பூட்டு பூட்டியபடி இருந்தது. ரெய்னோவின் குசும்பு என்று நினைத்துக்கொண்டாலும் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை டெஸாவுக்கு வலி கண்டது. வெளியே முதல் பனி. சாவியோடு கராஜுக்கு ஓடினேன்.

நான்கு சக்கரங்களிலும் நாணயம்.

தரையில் ஈரமான பூட்ஸ் தடங்கள். ஒவ்வொன்றும் என் கையளவுகூட இல்லை.

அவை ஓட்டுநர் கதவருகே வந்து நின்றிருந்தன. திரும்பிப் போகவில்லை.

"ரெய்னோண்ணே!" என்று அலறினேன். அவருடைய டிரக்கில்தான் போனோம். இறக்கத்தில் மூன்று கார்கள் பள்ளத்தில் கிடந்தன. நான் கண்டதைச் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"முன்னாடி அந்த வீட்ல இருந்த பெர்ட்டியும் சனிக்கிழமை மாத்தறேன்னுதான் சொன்னான். காசு செருகிப் பாக்குறது அவன் பொண்ணு சைமி. நாலு வயசு. 'கரடி கால் தெரியலப்பா'ன்னு குதிக்கும். ரெண்டு பேரும் இதே இறக்கத்துல கார் சறுக்கித்தாம்ப்பா போய்ச் சேந்தாங்க."

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். மறுநாளே பனிக்கால டயர் மாட்டினேன். அதன் பிறகு நாணயம் எதுவும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்கு அழைத்துப்போக, ஆஸ்பத்திரி வாசலில் டெஸா குழந்தையோடு நின்றாள். காரின் பின்கதவைத் திறந்தேன்.

ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கம், சின்னக் கையுறைத் தடம்.

குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் பெல்ட் மாட்டியிருந்தது. யாரோ உட்கார்ந்திருப்பது போல, முன்னால் புடைத்து இறுகியிருந்தது.

அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. மகளை அதன் பக்கத்திலிருந்த குழந்தை இருக்கையில் படுக்கவைத்து, வீடுவரை மெதுவாகத்தான் ஓட்டினேன்.