பத்து மணி வரைக்கும்

இருக்கை சூடாக இருந்தது.

துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, கெரின் அந்தக் கறுப்பு ரெக்ஸின் மேல் உள்ளங்கையை மறுபடி வைத்துப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல உடம்புச் சூடு. மணி நாலேகால். நாலு மணிக்கே கடைசி ஆளையும் அனுப்பி, கிளப்பின் வாசலைப் பூட்டி, எண்பது சூதாட்ட மெஷின்களையும் அவளே அணைத்திருந்தாள். இந்த மூலை மெஷினில் இன்று யாரும் உட்காரவில்லை. தினமும் இதில் உட்காரும் வெஸ்னா செத்துப்போய் எட்டு நாளாகிறது. எட்டு நாளாக யாருமே இதன் பக்கம் வரவில்லை.

கெரினுக்கு இங்கே பத்தொன்பது வருடமாக ராத்திரி மேற்பார்வை வேலை. விடிகாலை நாலிலிருந்து பத்து வரை மெஷின்கள் ஓடக் கூடாது என்பது பழைய சட்டம்தான். ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காக என்று சொல்லி, கிளப் எப்போதோ விலக்கு வாங்கி வைத்திருந்தது. அந்தச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. விலக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் சூதாட்ட ஆணையம் அதை மறுபடி விசாரித்தபோது, நிர்வாகத்துக்குத் தெரியாமல் கெரின் ஒரு கடிதம் எழுதினாள். இங்கே விடிகாலையில் உட்காருகிறவர்கள் சுரங்கத்து ஆட்கள் இல்லை, போக்கிடம் இல்லாதவர்கள் என்று எழுதினாள்.

வெஸ்னாவை மனதில் வைத்துத்தான் எழுதினாள். புருஷன் போன பிறகு ராத்திரி ஒரு மணிக்கு வந்து, விடிந்து வெகுநேரம்வரை உட்கார்ந்து, முதலில் காரையும் பிறகு கல்யாண மோதிரத்தையும் இந்த மெஷினுக்குக் கொடுத்தவள் அந்தக் கிழவி.

விலக்கு ரத்தானது. முதல் ராத்திரி, நாலு மணிக்கு விளக்குகள் அணைந்தபோது, வெஸ்னா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இந்நேரத்துக்கு எங்க போவேன் கண்ணு?"

"வீட்டுக்குப் போங்க வெஸ்னா. போய்த் தூங்குங்க. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

"வீட்ல ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசுது. அதுகிட்ட நான் என்ன பேச?"

"அப்போ பத்து மணிக்கு வாங்க, நாம பேசுவோம்" என்று சிரித்தபடி கெரின் கதவைச் சாத்தினாள்.

காரில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். ஐந்து நிமிஷம். நினைக்கவும் செய்தாள். கால் வலித்தது, படுக்கை கூப்பிட்டது, பின்வாசல் வழியாகக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலை ஒன்பதரைக்கு மேனேஜர் ராஸ் போன் செய்தான். வெஸ்னா எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடக்கிறாளாம். தலைமுடியெல்லாம் உறைபனி. முகம் கிளப் வாசலைப் பார்த்தபடி.

கெரின் துணியைக் குனிந்து எடுத்தாள். அணைந்த மெஷின்கள் சூடு ஆறும்போது உள்ளே தகரம் மெல்ல நெறிபடும் சத்தம், கூரைக் குழாய்க்குள் காற்று புரளும் சத்தம், பழைய கம்பளத்தில் ஊறிய பீர் வாடை, இவை எல்லாம் அவளுக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை பழக்கமில்லை. அது கதவுப் பக்கமிருந்து மெதுவாக, நடந்து வருவதுபோல வந்தது, அவளைக் கடந்தது, மூலையில் நின்றது.

டக்.

மெஷின் பொத்தானை அழுத்தும் சத்தம்.

திரை இருட்டாகத்தான் இருந்தது. கெரின் சுவரில் பிளக்கைப் பார்த்தாள். பிடுங்கித்தான் கிடந்தது.

டக். கொஞ்சம் இடைவெளி. டக். அவசரமே இல்லாத அந்த இடைவெளி யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

ஓடியிருக்கலாம். சாவி கையில்தான் இருந்தது. ஆனால் அவள் மூலைப் பக்கம் திரும்பினாள்.

"வெஸ்னா" என்றாள். "மூடியாச்சும்மா. வீட்டுக்குப் போங்க."

பொத்தான் நின்றது.

"பஸ் இல்ல கண்ணு."

குரல் காதுக்கு மிக அருகில். குளிர்ந்த மூச்சு.

"மன்னிச்சிருங்க. நான் கூட்டிட்டுப் போயிருக்கணும். தெரியும் எனக்கு. தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போனேன்."

பதிலுக்குத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பரவால்ல. பத்து மணி வரைக்கும் பக்கத்துல உக்காரு. அது போதும்."

கெரின் உட்கார்ந்தாள். அழுதபடியே உட்கார்ந்தாள். இதையாவது செய்யலாம் என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, இடதுபக்கத்து இருக்கை கிறீச்சிட்டது. யாரோ பாரமாக உட்கார்ந்ததுபோல. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. பின்வரிசை. வாசல்வரை.

சிகரெட் வாடை. ஆஸ்பத்திரி மருந்து வாடை. நிலக்கரித் தூசி வாடை. எல்லாம் தெரிந்த வாடைகள், ஒரு காலத்தில் இங்கே விடிய விடிய ஆடி, பிறகு செத்துப்போனவர்களுடையவை. எத்தனை விடிகாலைகளில், "இன்னொரு டீ கொண்டுவரட்டுமா?" என்று கேட்டு இவர்களை எழுந்து போகவிடாமல் உட்காரவைத்திருக்கிறாள்.

சுற்றிலும் மூச்சு மட்டும்.

எழ முயன்றாள். முடியவில்லை. அவள் வலதுகை மேல் ஒரு கை வந்து படிந்தது. சுருங்கிய தோல். பனிக்கட்டி. மோதிரம் இருந்த இடத்தில் பள்ளம். அது அவள் விரலை நீட்டி, பொத்தானின் மேல் வைத்தது. பிரியமாக. எழுதப் பழக்குவதுபோல.

டக்.

எண்பது மெஷின்களும் சேர்ந்து.

டக்.

இருட்டுத் திரைகள். நிமிர்ந்த முதுகுகள். வரிசையாக. அவளுடையதும்.

டக்.